தண்ணி லாரிக்காரனின் தலை ஆடி

1944-ஆம் வருஷம், மணிப்பூர் மலையில் நனைந்த ஒரு கூடாரத்துக்குள், சுபேதார் ஒருவர் செல்லமுத்துவைக் கேட்டார்: லீவு இப்போதே வேண்டுமா, அக்டோபரில் போதுமா? கலியாணம் முடித்த கையோடு மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் பட்டாளத்துக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகிவிட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது? "இப்பவே சாப்" என்றான். ஜூலை நடுவில் என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த மலையில் மழை இருந்தது, அட்டை இருந்தது, ஜப்பான்காரனும் இருந்தான். பஞ்சாங்கம் மட்டும் இல்லை. தன்னோடு இருந்த ஒரே தமிழ்ச் சமையல்காரன் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, செல்லமுத்துவுக்கு மாதங்கள் எல்லாமே இங்கிலீஷில்தான் நடந்தன. ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் நடுவே தமிழ்நாட்டில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்பது அவனுக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது.

அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தான். மாரியம்மன் கோவில் பக்கம் பம்பைச் சத்தம். வேப்பிலை கட்டிய பானையிலிருந்து கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்து உடுப்பைப் பார்த்ததும் மரியாதையாக முன்னால் அழைத்து ஒரு குவளை கொடுத்தார்கள். பாதி குடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"இது என்ன மாசம்மா?" என்று கூழ் ஊற்றிய அம்மாளைக் கேட்டான்.

"பட்டாளத்துல மாசங்கூடச் சொல்லித் தர மாட்டாங்களா தம்பி? ஆடி. குடி, இன்னும் கொஞ்சம் ஊத்துறேன்."

மிச்சக் கூழை அப்படியே வைத்துவிட்டுப் பெரம்பலூர் பஸ்ஸுக்கு ஓடினான்.

பெரம்பலூரில் பஸ் மாறி, வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது பயந்தது நடந்து முடிந்திருந்தது. அம்மா வீராயி தனியாக இருந்தாள். மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள், கன்னத்தைத் தடவிப் பார்த்தாள், இளைத்துவிட்டாய் என்றாள். அவன் அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"அவ இல்லடா. நீ வரேன்னு கார்டு வந்துச்சுல்ல, அதை ஊரெல்லாம் படிச்சுக் காட்டினேன். திருமழபாடி வரைக்கும் போயிருச்சு. உங்க மாமனார் வண்டி கட்டிக்கிட்டு வந்து தனத்தை அழைச்சுக்கிட்டுப் போயிட்டாரு. தலை ஆடியாம்."

"தலை ஆடியா? கலியாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆவுது!"

"நானும் அதைத்தான் கேட்டேன். அவரு பதில் சொன்னாரு. பெரிய மனுசரு பேசுனா நமக்கு எங்க புரியுது?"

கலியாணமான முதல் ஆடியில் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை ஒரு வேளை விருந்துக்கு வரலாம், போகலாம். மாதம் முழுக்க இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாத காரணங்களுக்கெல்லாம் சாஸ்திரம் என்று ஒரு பெயர் உண்டு.

மறுநாளே செல்லமுத்து திருமழபாடிக்குக் கிளம்பிவிட்டான்.

அவன் மாமனார் ராசாங்கத்துக்குக் கொள்ளிடக் கரையில் கொஞ்சம் வாழைத் தோட்டமும், கொஞ்சம் நஞ்சையும், அளவில்லாத கௌரவமும் இருந்தன. உடையார்பாளையம் தாலுக்கா யுத்தக் கமிட்டியில் அவர் ஒரு மெம்பர். ராவ் சாகிப் பட்டம் வரப்போகிறது என்று நாலு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்; அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி நடையைக்கூட மெதுவாக்கிக்கொண்டிருந்தார். மகளைத் தூரத்து உறவில் ஒரு பட்டாளத்துக்காரனுக்குக் கொடுத்ததே மேடையில் சொல்வதற்காகத்தான் என்று அவர் மனைவி ரத்தினம்மாளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. "எல்லாரும் ஊரான் பிள்ளையை யுத்தத்துக்கு அனுப்பினார்கள். அடியேன் சொந்த மாப்பிள்ளையை அனுப்பினேன்" என்று அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் பேசினார். மாப்பிள்ளை கலியாணத்துக்கு முன்பே பட்டாளத்தில் சேர்ந்தவன் என்ற சின்ன விவரத்தைச் சொல்லிக் கூட்டத்தைக் குழப்பவில்லை.

வாசலிலேயே மாப்பிள்ளையை நிறுத்தி மாலை போட்டார்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க. உள்ள மட்டும் வராதீங்க. சத்திரத்துல உங்களுக்கு ரூம் சொல்லியிருக்கேன். மூணு வேளையும் சாப்பாடு வந்துரும். மரியாதையில ஒரு குறையும் இருக்காது."

"மாமா, கலியாணம் ஆகி ரெண்டு ஆடி போயிருச்சுங்களே."

"போச்சு. ஆனா நீங்க இல்ல. ஆடிங்கறது எதுக்கு? புருஷன் பொஞ்சாதியைப் பிரிச்சு வைக்கிறதுக்கு. அந்த ரெண்டு ஆடியில பிரிக்கிறதுக்கு இங்க ஆள் எங்க இருந்துச்சு? பிரிக்காத ஆடி எப்படி ஆடியாவும்? ஆகக்கூடி, இதுதான் தலை ஆடி." இதைச் சொல்லிவிட்டு ஹைக்கோர்ட்டில் ஜெயித்தவர் மாதிரி துண்டை உதறிப் போட்டார்.

"அப்படிப் பார்த்தா எனக்கு ரெண்டு வருஷமா ஆடிதான் மாமா. தை, மாசியெல்லாம்கூட ஆடிதான்."

"இது சாஸ்திரம் மாப்பிள்ளை. பட்டாளத்துக் கணக்கு இதுக்குச் சரிப்படாது."

"ஆடி முடியறதுக்கு முன்னாடி நான் அரியலூர்ல ரயில் ஏறியாவணுங்க. அப்புறம் எப்ப லீவு தருவாங்களோ. தருவாங்களோ இல்லையோ."

கடைசி வார்த்தை கொஞ்சம் தடுமாறி வந்தது. ராசாங்கம் அதைக் கவனிக்கவில்லை. தெருவில் போன ஒருவர் கும்பிட்டதைக் கவனித்துப் பதில் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

வருஷா வருஷம் பங்குனியில் நந்திக்கே கலியாணம் செய்து வைக்கிற ஊர் அது. கல் காளைக்குக் காட்டிய தாராளத்தை உயிருள்ள மாப்பிள்ளைக்குக் காட்ட மறுத்துவிட்டது. செல்லமுத்து சத்திரத்தில் தகரப் பெட்டியை இறக்கி வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

இரண்டு வருஷமாக அவன் எதற்காக ஏங்கினான் என்று கேட்டால், தனம் என்று சொல்வான். தனம் யார் என்று கேட்டால் கொஞ்சம் திணறுவான். மறுவீட்டு விருந்து முடிவதற்குள்ளேயே தந்தி வந்து லீவை வெட்டிவிட்டது. கலியாணத்தன்று பஸ் டிரைவருக்குக் காய்ச்சல் வந்து, மாப்பிள்ளையே மாலையும் கழுத்துமாகப் பெண்வீட்டு ஜனத்தை ஏற்றி ஓட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் மனைவியை நிம்மதியாகப் பார்த்தது அந்த ஒரு பயணத்தில்தான். அதை வைத்துக்கொண்டே மணிப்பூரில் இரண்டு மழைக்காலத்தை ஓட்டியிருந்தான்.

மறுநாள் காலை பத்து மணி வெயிலில் படித்துறைக்குப் போனான். துணி துவைக்க வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர். அதில் ஒருத்தி கல்லிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவன் உடனே தடுமாறிவிட்டான். அவள் மாதிரிதான் இருந்தது. ஆனால் மச்சம் இடது கன்னத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நேராக எதிரே வந்து நின்றாள். மற்ற பெண்களின் துவைக்கும் சத்தம் ஒரேயடியாக நின்றுபோனது.

"என்ன அப்படிப் பார்க்குறீங்க?"

"மச்சம் அந்தப் பக்கம்ல இருந்துச்சு?"

"மச்சம் நடந்து போவுமா? பொறந்ததுலேருந்து இங்கதான் இருக்கு." சட்டென்று அவள் கண் சுருங்கியது. "வேற யாரு மச்சத்தையாவது நெனச்சுக்கிட்டு வந்துட்டீங்களா?"

அவன் பஸ் கண்ணாடியைப் பற்றிச் சொன்னான். அவள் கொஞ்ச நேரம் கையை இடம் வலம் மாற்றிக் காற்றில் கணக்குப் போட்டாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் புதிது. கண்ணாடியில் சத்தம் வருவதில்லை.

"அப்ப ரெண்டு வருஷமா தப்பான கன்னத்தை நெனச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"ஆமா."

"சரி, உக்காருங்க. இங்க கூரை இல்லல்ல."

படித்துறையின் மேல் படியில் அவள் உட்கார்ந்தாள். இரண்டு படி தள்ளி அவன் உட்கார்ந்தான். துவைக்க வந்த பெண்கள் வெளுத்த துணியையே திரும்பத் திரும்ப வெளுக்கத் தொடங்கினார்கள். அன்றைக்குத் திருமழபாடியில் துவைத்த துணிகள் அதற்குமுன் எப்போதும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

"பீரங்கி சுட்டா காது வலிக்குமா?" என்று தனம் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்?"

"நீங்கதானே சுடுறீங்க! அப்பா எல்லாக் கூட்டத்துலயும் சொல்றாரே. நீங்க ஒரு தடவை சுட்டா ஒரு மலை காணாமப் போயிருமாம்."

"நான் லாரில்ல ஓட்டுறேன்?"

"என்ன லாரி?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "தண்ணி லாரி. குடிக்கிற தண்ணி. கீழ ஆத்துல புடிச்சு, மருந்து போட்டு, மேல பட்டாளத்துக்குக் கொண்டு போய்க் கொடுக்கிறது."

"தண்ணி லாரியா?"

"பீரங்கி சுடுறவனுக்கும் தாகம் எடுக்கும்ல?"

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கேட்க ஆரம்பித்தாள். மருந்து போட்டால் தண்ணீர் கசக்குமா? கசந்தால் திட்டுவார்களா? மலை ஏறும்போது பின்பக்கம் தண்ணீர் குலுங்கி வண்டியை இழுக்காதா? வண்டி சறுக்கினால் என்ன செய்வீர்கள்? ஊரில் இறங்கியதிலிருந்து அவனைப் பார்த்தவர்கள் எல்லாரும், எத்தனை ஜப்பான்காரனைக் கொன்றாய் என்ற ஒன்றைத்தான் கேட்டிருந்தார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். பேசப் பேச வந்துகொண்டே இருந்தது.

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். ராசாங்கத்துக்குச் செய்தி போகாமல் இல்லை. பட்டப்பகலில், ஊர் பார்க்க, இரண்டு படி இடைவெளியில், கூரை இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களைத் தடுக்க அவர் சாஸ்திரத்தில் இடமில்லை. ஊர் வேறு ஒரு விஷயத்தில் மண்டையை உடைத்துக்கொண்டது: இவ்வளவு நேரம் அப்படி என்னதான் பேசுகிறார்கள்? காது கூர்மையான ஒருத்தி பக்கத்தில் போய்க் குடம் விளக்கிவிட்டு வந்து, "கியர் மாத்துறதைப் பத்திப் பேசுறாங்க" என்றாள். யாரும் நம்பவில்லை.

ஒருநாள் தனம் கேட்டாள்: "பயந்திருக்கீங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தான். "பயந்திருக்கேன். ஒருநாள் மேலேருந்து சுட்டாங்க. நான் லாரிக்கு அடியில பூந்துட்டேன். குண்டு பட்டுத் தொட்டி ஓட்டையாயிருச்சு. தண்ணி பூரா எம்மேல கொட்டுச்சு. அழுதேன். நனைஞ்சு கெடந்ததால யாருக்கும் தெரியல."

அவள் புடவை நுனியை முறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"நான் ஒன்னு சொன்னா கோவிச்சுக்குவீங்களா? அப்பா வண்டி கட்டிக்கிட்டு வந்தப்ப, அத்தை என் மூஞ்சியைத்தான் பார்த்தாங்க. வரலைன்னு நான் சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டாங்க. நான் சொல்லல. பேசாம வண்டியில ஏறிட்டேன்."

"ஏன்?"

"மலையைச் சுடுற ஆளோட எப்படிக் குடும்பம் நடத்துறதுன்னு எனக்குப் பயமா இருந்துச்சு. வர்ற ஆளு யாருன்னு மொதல்ல தூர நின்னு பார்த்துக்கிட்டா தேவலைன்னு இருந்துச்சு. ஆடி நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்."

செல்லமுத்துவுக்கு எங்கேயோ வலித்தது. இரண்டு வருஷம் இவளுக்காக ஏங்கிய தன்மீது அவனுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் பெருமை இருந்தது. அது படியில் உருண்டு ஆற்றில் விழுந்தது. அவனும் ஒரு கண்ணாடிப் படத்துக்காகத்தான் ஏங்கினான், அதுவும் தப்பான கன்னத்தோடு என்பது ஞாபகம் வந்ததும் வலி கொஞ்சம் குறைந்தது.

"இப்ப பார்த்தாச்சா?" என்றான்.

"பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

பதினெட்டாம் பெருக்குக்கு முதல் நாள் ராசாங்கம் சத்திரத்துக்கே வந்தார். கூட ஜோசியர் அமிர்தலிங்கம்.

"மாப்பிள்ளை, நாளைக்கு நம்ம வூட்டுல விருந்து. ரிட்டயர்டு தாசில்தார் பஞ்சநாதன் சார் வராரு. பட்டத்துக்கு சிபாரிசு அவரு சொன்னா மேல எடுபடும். சாப்பாடு ஆனதும் நீங்க எழுந்து அந்தப் பீரங்கி விஷயத்தை நாலு வார்த்தை எடுத்து விடணும்."

"எந்தப் பீரங்கிங்க மாமா?"

"உங்க பீரங்கிதான்."

"எங்கிட்ட பீரங்கி இல்லைங்களே."

"நான் ரெண்டு வருஷமா சொல்லிட்டேன் மாப்பிள்ளை. இனிமே இல்லைன்னு சொல்ல முடியுமா?" ராசாங்கம் குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் லீவு முடியுதுன்னு தவிக்கிறீங்க. எனக்கென்ன புரியாதா? ஜோசியர்கிட்ட பேசிட்டேன். பரிகாரம் இருக்காம்."

"ரெண்டு நெய் விளக்கு. ஆடி தோஷம் நகர்ந்துரும்" என்றார் அமிர்தலிங்கம்.

"ரெண்டு விளக்குக்கு நகர்ற ஆடியா இவ்வளவு நாளா குறுக்க நின்னுச்சு?"

"நேரம் வந்தாத்தான் விளக்கு" என்றார் ஜோசியர், கண்ணை மூடிக்கொண்டு.

செல்லமுத்து அன்று முழுக்க யோசித்தான். நாலு வார்த்தை. ஒரு பீரங்கி. சாயங்காலமே தனத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாலிகண்டபுரம் போய்விடலாம். லீவில் மிச்சமிருக்கும் நாட்கள் முழுசாகக் கிடைக்கும். பீரங்கி எப்படி இருமும் என்பது அவனுக்குத் தூரத்திலிருந்து நன்றாகவே தெரியும். யுத்தத்தில் இதைவிடப் பெரிய பொய்களைப் பெரிய பெரிய அதிகாரிகள் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

விருந்து நன்றாக இருந்தது. பஞ்சநாதன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுக் குரலை மட்டும் சர்க்காரிடம் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டவர். பாயசம் முடிந்ததும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே உத்தரவு போட்டார்: "எங்கே, நம் போர் வீரர் பேசட்டும்."

செல்லமுத்து எழுந்தான்.

"நாங்க மலைமேல இருந்தோம். எதிர்ல இன்னொரு மலை..." என்று ஆரம்பித்தான். ராசாங்கத்தின் முகம் மலர்ந்தது. இதுவரை சொன்னது உண்மைதான். அடுத்த வாக்கியத்தில்தான் பீரங்கி வர வேண்டும்.

சமையல்கட்டு நிலைப்படியில் தனம் மோர் வாளியோடு நின்றாள். கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சவில்லை. என்ன சொல்லப் போகிறான் என்று தெரிந்துகொள்ளும் ஆவலோடு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, படித்துறையில் எப்படிக் கேட்டாளோ அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு எதிரே அவனால் பீரங்கியை இழுத்துக்கொண்டு வர முடியவில்லை.

"நான் பீரங்கியைத் தூரத்துல இருந்துதாங்க பார்த்திருக்கேன். நான் ஓட்டுறது தண்ணி லாரி."

"என்ன?" என்றார் பஞ்சநாதன்.

"தண்ணி லாரிங்க. குடிக்கிற தண்ணி."

"மாப்பிள்ளைக்கு எப்பவும் தமாஷ்" என்று ராசாங்கம் சிரித்தார். அவர் மட்டும் சிரித்தார்.

"தமாஷ் இல்லீங்க மாமா. சுட்டாங்கன்னா லாரிக்கு அடியில பூந்துக்குவேன்."

ராசாங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. தாசில்தார் எதிரே கத்த முடியாது. ஜோசியர் பக்கம் திரும்பி, மாப்பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி, "ஆடி கழியட்டும். பரிகாரம் கிரிகாரம் எல்லாம் வேண்டாம். முறைன்னா முறைதான்" என்றார். ஜோசியர் தலையாட்டினார். ஆடி மறுபடியும் தன் இடத்துக்கு வந்து நின்றுவிட்டது.

தனம் வாளியைக் கீழே வைத்தாள். "அப்பா, ஆடியில என்ன தப்பு?"

"உள்ள போம்மா. சாஸ்திரம்."

"அதான் என்ன சாஸ்திரம்? வாயைத் தொறந்து சொல்லுங்க."

ஜோசியர் உத்தரத்தைப் பார்த்தார். தாசில்தார் பாயசக் கிண்ணத்தின் அடியைப் பார்த்தார். நிலைப்படிக்குப் பின்னாலிருந்து ரத்தினம்மாள் "ஏய், ஏய்" என்று மெல்லக் கூப்பிட்டாள்.

"நானே சொல்றேன். ஆடியில சேர்ந்து இருந்தா சித்திரையில பிள்ளை பொறக்கும். சித்திரை வெயில் ஆவாது. இவ்வளவுதானே? பொறந்தா நான் விசிறிக்கிறேன்."

தனம் உள்ளே போனாள். தன் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். ரத்தினம்மாள் புலம்பிக்கொண்டே எலுமிச்சைச் சாதத்தை இலையில் மடித்து மூட்டைக்குள் திணித்தாள்.

"போவலாமா?" என்று தனம் செல்லமுத்துவைக் கேட்கவில்லை. "வாங்க, போவலாம்" என்றாள்.

அவர்கள் தெருவில் இறங்கிய பிறகு பஞ்சநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தண்ணீர் லாரி என்று சொன்னாரே?" என்று விசாரித்தார். ராசாங்கம் நாற்புறமும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தார்.

"ராணுவ ரகசியம் சார். பீரங்கின்னு வெளியில சொல்லக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. எங்கிட்டயே மூச்சு விட மாட்டாரு."

பஞ்சநாதன் மிகவும் கம்பீரமாகத் தலையை அசைத்தார்.

திருமானூருக்குப் போகும் ரோட்டில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அங்கே போய்த்தான் பஸ் பிடிக்க வேண்டும். சத்திரத்திலிருந்து எடுத்துக்கொண்ட தகரப் பெட்டி அவன் தோளில், மூட்டை அவள் இடுப்பில். இப்போது இரண்டு படி இடைவெளி இல்லை. அவன் எதையாவது நெகிழ்ச்சியாகச் சொல்ல வேண்டும் என்று தேடிக்கொண்டு நடந்தான். இரண்டு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"ஏங்க" என்றாள் தனம்.

"சொல்லு."

"அங்கதான் எப்பப் பார்த்தாலும் மழைன்னு சொன்னீங்களே. அவ்வளவு மழை பேயிற ஊர்ல தண்ணி லாரி எதுக்கு?"

செல்லமுத்து நின்றுவிட்டான். இரண்டு வருஷமாக அந்த லாரியை ஓட்டியவன் அவன். இதை அவன் யோசித்ததே இல்லை; சுபேதார் யோசித்ததில்லை; வெள்ளைக்கார மேஜரும் யோசித்திருக்க மாட்டார்.

"மழையில நனையலாம். குடிக்க முடியாதுல்ல" என்றான், அவ்வளவாக நிச்சயமில்லாமல்.

"ஏன்? ஒரு தார்ப்பாயை நாலு மூலையில கட்டி, நடுவுல அண்டாவை வச்சா?"

அவன் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டான். "இரு, அதுல ஒரு கஷ்டம் இருக்கு" என்று ஆரம்பித்தான்.